மூன்று நாள்... இரண்டு மரணங்கள்... காரில் கிடைத்த ஒரு கொடி: அயர்டன் சென்னாவின் கடைசி ரேஸில் நடந்தது என்ன?

ஃபார்முலா 1 ரசிகர்களுக்கு ரேஸ் என்பது ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் மட்டும் இல்லை. வெள்ளிக்கிழமையே ஆரம்பித்துவிடும். முதலில் பயிற்சி, அப்புறம் தகுதிச் சுற்று, கடைசியில் ரேஸ். யார் கார் வேகமா போகுது, யாருக்கு முதல் இடம், மழை வருமா வராதா என்று மூன்று நாளும் கண்ணை எடுக்காமல் பார்ப்பார்கள்.

அப்படி உலகம் முழுக்க ரசிகர்கள் ஆசையாக டிவி முன்னால் உட்கார்ந்த ஒரு வார இறுதிதான் 1994 ஏப்ரல் 29 முதல் மே 1 வரை. இடம், இத்தாலியின் இமோலா. சான் மரினோ கிராண்ட் பிரி. வெள்ளிக்கிழமை ஒரு பயங்கர விபத்து. சனிக்கிழமை ஒரு வீரர் மரணம். ஞாயிற்றுக்கிழமை, அந்தக் காலத்தின் மிகப்பெரிய ஹீரோ அயர்டன் சென்னா மரணம்.

முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்த மூன்று நாளை ரசிகர்கள் மறக்கவில்லை. அப்படி என்னதான் நடந்தது? யார் இந்த சென்னா?

புல் வெட்டும் மெஷின் என்ஜினில் தொடங்கிய பயணம்

பிரேசிலின் சாவ் பாலோ நகரில் 1960 மார்ச் 21-ம் தேதி பிறந்தவர் அயர்டன் சென்னா ட சில்வா. வசதியான குடும்பம். சென்னாவுக்கு 4 வயசு இருக்கும்போது, புல் வெட்டும் மெஷினின் என்ஜினை வைத்து அப்பா ஒரு குட்டி கார்ட் செய்து கொடுத்தார். அன்றைக்குப் பிடித்தது ஸ்டீயரிங் பைத்தியம்.

13 வயதில் முதல் கார்ட் பந்தயம். பிறகு 1981-ல் இங்கிலாந்து போனார். ட சில்வா என்பது பிரேசிலில் தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கும் பெயர். அதனால் அம்மா வழிப் பெயரான சென்னாவையே தன் பெயராக வைத்துக்கொண்டார். 1983-ல் பிரிட்டிஷ் ஃபார்முலா 3 சாம்பியன். அடுத்த வருஷமே ஃபார்முலா 1.

மழை பெய்தால் சென்னா வேற லெவல்

1984 மொனாக்கோ ரேஸ். கொட்டுகிற மழை. சென்னா ஓட்டியது டோல்மன் என்ற சின்ன அணியின் கார். 13-வது இடத்தில் இருந்து கிளம்பியவர், ஒவ்வொருவராக முந்திக்கொண்டு இரண்டாம் இடத்துக்கு வந்துவிட்டார். முன்னால் இருந்த அலைன் புரோஸ்ட்டை நெருங்கும் நேரத்தில் மழை காரணமாக ரேஸை நிறுத்திவிட்டார்கள். முதல் பரிசு கை நழுவிப் போனது. ஆனா யார் இந்தப் பையன் என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தது அன்றைக்குத்தான்.

1985-ல் லோட்டஸ் அணிக்கு மாறினார். போர்ச்சுகலின் எஸ்டோரில் டிராக்கில், அதுவும் கொட்டும் மழையில், முதல் வெற்றி. ஈரமான ரோட்டில் மற்றவர்கள் பிரேக்கைத் தேடும்போது இவர் மட்டும் வேகத்தைத் தேடுவார்.

1988-ல் மெக்லாரன் அணிக்கு வந்தார். அதே அணியில்தான் புரோஸ்ட்டும் இருந்தார். அந்த வருஷம் நடந்த 16 ரேஸில் 15-ஐ இந்த இரண்டு பேருமே பங்கு போட்டுக்கொண்டார்கள். சென்னாவுக்கு 8, புரோஸ்ட்டுக்கு 7. ஜப்பானின் சுசுகா ரேஸில் ஸ்டார்ட் ஆகும்போதே சென்னாவின் கார் நின்றுபோனது. 14-வது இடம் வரை பின்னால் போனவர், அங்கிருந்து எல்லோரையும் முந்தி ரேஸையும் ஜெயித்தார், முதல் உலக சாம்பியன் பட்டத்தையும் ஜெயித்தார்.

நல்லவரா? முரட்டுத்தனமானவரா?

சென்னாவைப் பற்றிப் பேசும்போது இந்தக் கேள்வி வராமல் இருக்காது. 1989-ல் அதே சுசுகாவில் சென்னாவும் புரோஸ்ட்டும் மோதிக்கொண்டார்கள். சென்னா மறுபடி காரைக் கிளப்பி ரேஸை ஜெயித்தும் தகுதி நீக்கம் செய்யப்பட்டார். பட்டம் புரோஸ்ட்டுக்குப் போனது. 1990-ல் மறுபடி சுசுகா, மறுபடி அதே இரண்டு பேர். இந்த முறை முதல் வளைவிலேயே மோதல். இரண்டு காரும் அவுட். புள்ளிக் கணக்கில் முன்னால் இருந்த சென்னா சாம்பியன் ஆனார். அடுத்த வருஷம், அது வேண்டுமென்றே செய்ததுதான் என்று அவரே ஒப்புக்கொண்டார்.

ஆக, ஜெயிக்க எந்த எல்லைக்கும் போகக்கூடிய ஆள். ஆனா இதே மனுஷனுக்கு இன்னொரு பக்கமும் உண்டு.

1992-ல் பெல்ஜியத்தின் ஸ்பா டிராக். பயிற்சியில் எரிக் கோமாஸ் என்ற பிரெஞ்சு வீரரின் கார் மோதி டிராக் நடுவே கிடந்தது. கோமாஸ் மயக்கத்தில் இருக்கிறார். என்ஜினோ ஓடிக்கொண்டே இருக்கிறது. எந்த நேரமும் தீப்பிடிக்கலாம். பின்னால் வந்த சென்னா தன் காரை நிறுத்தி, இறங்கி, மற்ற கார்கள் வேகமாக வந்துகொண்டிருக்கும் டிராக்கிலேயே ஓடினார். என்ஜினை அணைத்து, உதவி வரும் வரை கோமாஸின் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். இந்த கோமாஸ் பெயரை ஞாபகம் வெச்சுக்கோங்க. மறுபடி வருவார்.

1991-ல் மூன்றாவது உலகப் பட்டம். அதே வருஷம் சொந்த ஊரான சாவ் பாலோவில், கியர் பாக்ஸ் கோளாறாகி ஆறாவது கியரில் மட்டுமே ஓட்ட வேண்டிய நிலையில், முதல்முறையாக சொந்த மண்ணில் வெற்றி. வலியில் கோப்பையைத் தூக்கவே கஷ்டப்பட்டார். மொனாக்கோவில் மட்டும் மொத்தம் 6 முறை ஜெயித்திருக்கிறார்.

1994: எல்லாமே தப்பாக ஆரம்பித்த வருஷம்

அந்த வருஷம் வில்லியம்ஸ் அணிக்கு மாறினார் சென்னா. முந்தைய இரண்டு வருஷமும் சாம்பியன் பட்டம் வென்ற அணி. ஆனா 1994-ல் ஓட்டுநருக்கு உதவும் எலக்ட்ரானிக் வசதிகள் பலவற்றைத் தடை செய்துவிட்டார்கள். வேகம் அப்படியே இருக்கிறது, ஆனால் காரைக் கட்டுப்படுத்துவது கஷ்டமாகிவிட்டது.

முதல் ரேஸ் பிரேசிலில். கார் சுழன்று நின்றது. இரண்டாவது ரேஸ் ஜப்பானில். முதல் வளைவிலேயே மோதி வெளியே போனார். இரண்டையும் ஜெயித்தவர் இளம் வீரர் மைக்கேல் ஷூமாக்கர். அவருக்கு 20 புள்ளி, சென்னாவுக்கு பூஜ்யம். இந்த அழுத்தத்தோடுதான் இமோலாவுக்கு வந்து சேர்ந்தார்.

வெள்ளிக்கிழமை: முதல் எச்சரிக்கை

ஏப்ரல் 29. சென்னாவைப் பார்த்து வளர்ந்த பிரேசில் இளைஞர் ரூபன்ஸ் பாரிச்செல்லோவின் கார், ஓரத்தில் இருந்த மேடு மீது ஏறி காற்றில் பறந்தது. தடுப்பு வேலியில் மோதி கவிழ்ந்தது. மயங்கிப்போன பாரிச்செல்லோ கண் விழித்தபோது பக்கத்தில் சென்னா நின்றுகொண்டிருந்தார். மூக்கில் முறிவு, கையில் காயம். உயிர் பிழைத்தார்.

அன்றைக்கு சென்னா எடுத்த நேரம்தான் கடைசி வரை முதலிடம். அது அவருடைய 65-வது போல் பொசிஷன், அதாவது ரேஸில் முதல் ஆளாக நின்று கிளம்பும் உரிமை.

சனிக்கிழமை: பெயர் தெரியாத வீரரின் மரணம்

ரோலண்ட் ராட்ஸன்பெர்கர். ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்கைச் சேர்ந்தவர். சென்னா பிறந்த அதே 1960-ல் பிறந்தவர். ஆனா சென்னா மூன்று முறை உலக சாம்பியன் ஆன பிறகுதான் இவருக்கு ஃபார்முலா 1 கதவே திறந்தது. சிம்டெக் என்ற புதிய, சின்ன அணி. அதிலும் முதல் ஐந்து ரேஸுக்குத்தான் ஒப்பந்தம். முதல் ரேஸில் தகுதி பெறவில்லை. இரண்டாவதில் 11-வது இடம். இது மூன்றாவது வார இறுதி.

தகுதிச் சுற்றில் முந்தைய லேப்பில் டிராக்கை விட்டு வெளியே போனபோது காரின் முன் இறக்கை சேதமாகியிருந்தது. அது தெரியாமல் அடுத்த லேப்பை முழு வேகத்தில் ஓட்டினார். இறக்கை பிய்ந்து காருக்கு அடியில் போனது. ஸ்டீயரிங் வேலை செய்யவில்லை. மணிக்கு 300 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் சுவரில் மோதினார். பிழைக்கவில்லை.

ஃபார்முலா 1 வார இறுதி ஒன்றில் ஒரு வீரர் இறப்பது 1982-க்குப் பிறகு அதுதான் முதல் முறை. ஒரு தலைமுறை வீரர்கள் அதுவரை டிராக்கில் மரணத்தையே பார்த்ததில்லை.

சென்னா உடனே விபத்து நடந்த இடத்துக்கே போனார். அங்கிருந்து மருத்துவ மையத்துக்குப் போனார். ஃபார்முலா 1-ன் தலைமை மருத்துவர் சிட் வாட்கின்ஸ், சென்னாவுக்கு நெருங்கிய நண்பரும்கூட. உடைந்துபோய் அழுத சென்னாவிடம், எல்லாம் ஜெயிச்சாச்சு, இத்தோடு விட்டுவிடலாம், மீன் பிடிக்கப் போகலாம் என்று சொல்லிப் பார்த்தார். சென்னாவால் விட முடியவில்லை. ஆனா அன்றைக்கு மறுபடி அவர் காரில் ஏறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை: ஏழாவது லேப்

மே 1. காலையில் மற்ற வீரர்களோடு பேசினார் சென்னா. பாதுகாப்பைப் பற்றிக் கேட்க வீரர்கள் சங்கத்தை மறுபடி தொடங்க வேண்டும் என்பதுதான் பேச்சு. அதற்குள் ஓய்வு பெற்றிருந்த பழைய எதிரி புரோஸ்ட்டும் அங்கே இருந்தார். இருவரும் பகை மறந்து பேசிக்கொண்டார்கள்.

மதியம் 2 மணி. ரேஸ் ஆரம்பித்ததுமே இரண்டு கார்கள் மோதி, உடைந்த பாகங்கள் ரசிகர்கள் கூட்டத்துக்குள் பறந்தன. சிலருக்குக் காயம். சேஃப்டி கார் வந்தது. அதன் பின்னால் எல்லோரும் மெதுவாகப் போனார்கள். ஐந்தாவது லேப் முடிவில் சேஃப்டி கார் விலகியது. சென்னா முன்னால், ஷூமாக்கர் பின்னால்.

ஏழாவது லேப். நேரம் 2:17. டம்புரெல்லோ என்ற வேகமான இடது வளைவு. சென்னாவின் கார் வளையவில்லை. மணிக்கு சுமார் 310 கிலோமீட்டரில் நேராக டிராக்கை விட்டு வெளியே போனது. பிரேக் அடித்தும் சுமார் 210 கிலோமீட்டர் வேகத்தில் கான்கிரீட் சுவரில் மோதியது. பிய்ந்து வந்த முன் சக்கரமும் சஸ்பென்ஷன் கம்பியும் தலையைத் தாக்கின.

ரேஸ் நிறுத்தப்பட்டது. ஆனா தகவல் குழப்பத்தில் பிட்டில் இருந்து ஒரு கார் மட்டும் டிராக்குக்குள் வந்துவிட்டது. ஓட்டியவர் யார் தெரியுமா? இரண்டு வருஷத்துக்கு முன் சென்னா காப்பாற்றிய அதே எரிக் கோமாஸ். தன்னைக் காப்பாற்றியவர் கீழே கிடக்கிறார், தன்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அன்றைக்கு அதற்கு மேல் அவர் ரேஸ் ஓட்டவில்லை.

ஹெலிகாப்டரில் போலோன்யா மருத்துவமனைக்குக் கொண்டு போனார்கள். மாலையில் மரணச் செய்தி வந்தது. வயது 34. இதற்கிடையே ரேஸ் மறுபடி தொடங்கி, ஷூமாக்கர் ஜெயித்து முடிந்திருந்தது. மேடையில் ஷாம்பெயின் இல்லை.

விபத்துக்குக் காரணம் என்ன?

உடைந்த காரில் ஸ்டீயரிங் தண்டு முறிந்திருந்தது. சென்னாவுக்கு வசதியாக இருக்க அந்தத் தண்டை வெட்டி மாற்றி அமைத்திருந்தார்கள். மோதுவதற்கு முன்பே முறிந்ததா, மோதியதால் முறிந்ததா என்பதுதான் சண்டை. சேஃப்டி கார் பின்னால் மெதுவாகப் போனதால் டயர் குளிர்ந்து காற்றழுத்தம் குறைந்தது, கார் தரையில் தட்டி வழுக்கியது என்பது இன்னொரு தரப்பு. இத்தாலியில் பல வருஷம் வழக்கு நடந்தது. தண்டு முறிந்ததே காரணம் என்ற முடிவுக்கு நீதிமன்றம் வந்தாலும், கடைசியில் யாரும் தண்டனை அனுபவிக்கவில்லை.

காரில் இருந்த கொடி

நொறுங்கிய காரில் சுருட்டி வைத்த ஒரு கொடி கிடைத்தது. பிரேசில் கொடி இல்லை, ஆஸ்திரியா கொடி. ஜெயித்தால் ராட்ஸன்பெர்கருக்காக அதை அசைத்துக் காட்ட நினைத்திருந்தார் சென்னா.

பிரேசிலில் மூன்று நாள் துக்கம். சாவ் பாலோ தெருக்களில் லட்சக்கணக்கான மக்கள். சவப்பெட்டியைச் சுமந்தவர்களில் புரோஸ்ட்டும் ஒருவர். இரண்டு நாள் கழித்து சால்ஸ்பர்க்கில் ராட்ஸன்பெர்கரின் இறுதிச் சடங்கு. அங்கே அவ்வளவு கூட்டம் இல்லை. சென்னாவுக்கு எல்லோரும் போய்விட்டதால், இவருக்குப் போவதே முக்கியம் என்று நினைத்து அங்கே போனார் அன்றைய ஃஎப்ஐஏ தலைவர் மேக்ஸ் மோஸ்லி.

அதன் பிறகு மாறியது என்ன?

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பேசிய வீரர்கள் சங்கம், அடுத்த ரேஸ் நடந்த மொனாக்கோவிலேயே மறுபடி உருவானது. டம்புரெல்லோ வளைவை 1995-ல் வேகம் குறையும்படி மாற்றினார்கள். 1996-ல் ஓட்டுநரின் தலையைச் சுற்றி பக்கச் சுவர்கள் உயர்ந்தன. சக்கரம் பிய்ந்து பறக்காமல் கயிறு கட்டும் முறை வந்தது. 2003-ல் கழுத்தைக் காக்கும் கருவி கட்டாயமானது. 2018-ல் தலைக்கு மேல் வளையம் போல இருக்கும் ஹேலோ வந்தது.

இமோலாவுக்குப் பிறகு, 2014-ல் ஜூல்ஸ் பியாங்கி விபத்தில் சிக்கும் வரை, 20 வருஷம் எந்த ஃபார்முலா 1 வீரரும் ரேஸ் விபத்தால் உயிர் இழக்கவில்லை. டிராக் பணியாளர்கள் சிலர் இறந்தது தனிச் சோகம். 2020-ல் பஹ்ரைனில் தீப்பிழம்புக்குள் இருந்து ரொமைன் குரோஜான் நடந்து வந்ததைப் பார்த்திருப்பீர்கள். அவர் தலையைக் காப்பாற்றியது அந்த ஹேலோதான்.

சென்னாவின் பெயரில் அவருடைய அக்கா விவியானி தொடங்கிய அமைப்பு, இன்றும் பிரேசில் குழந்தைகளின் கல்விக்காக வேலை செய்கிறது. அக்கா மகன் புரூனோ சென்னா 2010-ல் ஃபார்முலா 1-க்கு வந்தபோது, அதே அணியில் ஓட்டியவர் நம்ம சென்னைக்காரர் கருண் சந்தோக்.

41 வெற்றி, 65 போல் பொசிஷன், 3 உலகப் பட்டம். இது சென்னாவின் கணக்கு. ராட்ஸன்பெர்கர் கணக்கில் இருப்பது ஒரே ஒரு ரேஸ். ஆனா இன்றைக்கு ஒரு கார் சுவரில் மோதி, ஓட்டுநர் கையை அசைத்தபடி இறங்கி வரும்போது ரசிகர்கள் நிம்மதியாக மூச்சு விடுகிறார்களே, அந்த நிம்மதிக்கு இந்த இரண்டு பேருமே விலை கொடுத்திருக்கிறார்கள்.