டி. டி. கிருஷ்ணமாச்சாரி

திருவள்ளூர் தட்டை கிருஷ்ணமாச்சாரி (நவம்பர் 26, 1899 - மார்ச் 7, 1974) இந்திய அரசியல்வாதியும் தொழிலதிபரும் ஆவார். டி. டி. கே என்று சுருக்கமாக அழைக்கப்பட்டார். இந்திய நடுவண் அரசில் இருமுறை நிதி அமைச்சராகப் பணியாற்றினார். ரூபாயின் மதிப்பும் நாட்டின் நடப்புக் கணக்குப் பற்றாக்குறையும் இவரது பதவிக்காலங்களின் முதன்மைச் சிக்கல்களாக இருந்தன.

வாழ்க்கைச் சுருக்கம்

சென்னையில் பிறந்த இவர், சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பயின்றார். 1928 ஆம் ஆண்டில் தம் பெயரில் வணிக நிறுவனம் தொடங்கினார். அரசியலமைப்பு வரைவுக் குழுவில் உறுப்பினராக இருந்தார். 1952 இல் வணிக, தொழில் துறை அமைச்சரானார். 1962 பொதுத்தேர்தலில் திருச்செந்தூர் தொகுதியிலிருந்து போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

1957 செலாவணி நெருக்கடி

ஏற்றுமதி, இறக்குமதி, சேவைகள், வட்டி, வெளிநாட்டிலிருந்து வரும் பணம் ஆகியவற்றின் வரவு செலவே நடப்புக் கணக்கு ஆகும். செலவு மிகுந்தால் அன்னியச் செலாவணிக்கான தேவை கூடி, உள்நாட்டு நாணயத்தின் மதிப்பு குறைய முற்படும். அக்காலத்தில் மாற்று வீதம் நிலையானதாக இருந்தது. ஒரு டாலருக்கு 4.76 ரூபாய். எனவே பற்றாக்குறை, மதிப்பில் தெரியாமல் கையிருப்பின் கரைவாகவே தெரிந்தது.

இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்திற்கான இயந்திர இறக்குமதியால் இக்கையிருப்பு வேகமாகக் குறைந்தது. கிருஷ்ணமாச்சாரி இறக்குமதி உரிமங்களைக் கட்டுப்படுத்தினார். நாணய வெளியீட்டிற்கு ஈடாக ரிசர்வ் வங்கி வைத்திருக்க வேண்டிய பொன், வெளிநாட்டுப் பத்திரங்களின் குறைந்தபட்ச அளவு 1957 இல் 200 கோடி ரூபாயாகக் குறைக்கப்பட்டது. முந்த்ரா விவகாரத்தைத் தொடர்ந்து 1958 பெப்ரவரியில் பதவி விலகினார்.

மதிப்பிறக்கமும் பதவி விலகலும்

1963 இல் மீண்டும் நிதி அமைச்சரானார். யூனிட் டிரஸ்ட், தொழில் வளர்ச்சி வங்கி ஆகியன 1964 இல் செயற்படத் தொடங்கின. அருப்புக்கோட்டை, திருச்சுழி போன்ற மானாவாரி வட்டாரங்களில் மழை பொய்த்தால் தானியமும் பருத்தியும் குறையும். நாடு முழுவதும் இந்நிலை ஏற்படும்போது இறக்குமதி பெருகும். 1965 இல் வறட்சியுடன் போரும் சேர்ந்தது. அமெரிக்க உதவியும் நிறுத்தப்பட்டது. ரூபாயின் மதிப்பைக் குறைக்குமாறு உலக வங்கி வலியுறுத்தியதைக் கிருஷ்ணமாச்சாரி ஏற்கவில்லை. இறக்குமதியின் விலை உடனே உயரும், ஏற்றுமதி அதற்கேற்பப் பெருகாது என்பது எதிர்ப்பாளர்களின் வாதம். முறைகேட்டுக் குற்றச்சாட்டுகள் எழுந்த சூழலில், 1965 இறுதியில் இவர் பதவி விலகினார்.

1966 சூன் 6 அன்று டாலரின் விலை 7.50 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அவ்வாண்டும் மழை பொய்த்தமையால் ஏற்றுமதி எதிர்பார்த்தவாறு பெருகவில்லை. ஆகவே, அம்முடிவு தவறா, வறட்சியே காரணமா என்பது பொருளியலாளரிடையே விவாதத்திற்குரியதாகவே உள்ளது.