அணுக்கள் இடிக்காம வளைவது எப்படி? – ஜி.என்.ராமச்சந்திரன்

இ.இ.இ. மக்கள் பெருமைப்பட்டுக்கலாம். ஜி.என்.ராமச்சந்திரன் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் முதலில் சேர்ந்தது எலக்ட்ரிக்கல் பிரிவில்தான்! 1922 அக்டோபர் 8-ல் எர்ணாகுளத்தில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். அப்பா கணிதப் பேராசிரியர். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் முடிச்ச மகன் ரயில்வே அதிகாரி ஆகணும்னு அவருக்கு ஆசை. மகனோ 1942-ல் பெங்களூர் போனார். அங்கே சர் சி.வி.ராமன் அவரை எலக்ட்ரிக்கலில் இருந்து இயற்பியலுக்கு இழுத்துக்கிட்டார். (பிளேஸ்மென்ட் நேரத்தில் இதையெல்லாம் வீட்டில் சொல்லிடாதீங்க.)

கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் வாங்கித் திரும்பியவர், 1952-ல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைத் தலைவர் ஆனார். பக்கத்திலேயே மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம். அங்கிருந்து கிடைச்ச கங்காரு வால் தசைநாரை எக்ஸ்-ரே படம் எடுத்தார். நம்ம தோலையும் எலும்பையும் தாங்குற கொலாஜன் புரதம் மூணு புரி முறுக்கின கயிறு மாதிரினு, கோபிநாத் கர்த்தாவோட சேர்ந்து சொன்னார்.

டி.என்.ஏ. புகழ் கிரிக்கும், ரிச்சும் இதை மறுத்தாங்க. இந்த அமைப்பில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கி நிக்குதேங்கிறது அவங்க வாதம். ராமச்சந்திரன் வெறுமனே பதில் சண்டைக்குப் போகல. அணுக்கள் உண்மையில் எவ்வளவு நெருங்கலாம்னு, அதுவரை வெளிவந்த படிக அமைப்புகளில் இருந்து தேடி எடுத்தார். புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் முக்கியமா ரெண்டு பிணைப்புகள்தான் சுழலும். அந்த ரெண்டு கோணங்களையும் மாத்தி மாத்தி, எங்கே அணுக்கள் இடிக்குது, எங்கே இடிக்கலைனு ராமகிருஷ்ணனும் சசிசேகரனும் அவரும் கணக்குப் போட்டாங்க. 1963-ல் வந்தது ராமச்சந்திரன் வரைபடம். ஒரு சதுரம், அதில் சில தீவுகள். தீவுக்கு வெளியே பெரும்பாலும் இடிதான்.

என் செமினார் தலைப்பு சூப்பர்கிரிட்டிக்கல் திரவங்கள். அதைப் படிக்கும்போதுதான் இந்த மனுஷனோட அருமை புரிஞ்சது. கார்பன் டை ஆக்சைடு 31 டிகிரியையும் சுமார் 74 பார் அழுத்தத்தையும் தாண்டினா திரவமும் இல்ல, வாயுவும் இல்ல. (31 டிகிரியை எங்க இளையரசனேந்தல் வெயிலே கொடுத்துடும், அழுத்தத்துக்குத்தான் பம்ப் வேணும்.) புரதம் அதில் கரையாது. சிலிகோன் மாதிரி நெளியுற சங்கிலிகள் கரையும். அடர்த்தி குறைவா இருந்தா சங்கிலி தன்மேலேயே சுருண்டுக்கும், அழுத்தத்தைக் கூட்டி அடர்த்தியை ஏத்தினா விரியும். அதாவது, எந்தத் தீவில் அதிக நேரம் தங்குறதுங்கிறதில் கரைப்பானுக்கும் பங்கு உண்டு. தீவுகள் எங்கே இருக்குங்கிறது மூலக்கூறோட சொந்த விஷயம். சிலிகோனுக்குத் தனி வரைபடம்தான், ஆனா போடுற முறை இதேதான்.

பிறகு பெங்களூர் திரும்பி மூலக்கூறு உயிர்இயற்பியல் துறையைத் தொடங்கினார். 1971-ல் லட்சுமிநாராயணனோட சேர்ந்து அவர் கொடுத்த கணித முறை சி.டி. ஸ்கேன் படத்தை உருவாக்க உதவியது. 1977-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர். நோபல் வரல, எனக்கு அதில் வருத்தம்தான். கடைசிக் காலத்தில் பார்க்கின்சன் நோயோடு இருந்து, 2001 ஏப்ரல் 7-ல் இறந்தார்.

அணுக்களை நெருக்கி வெச்சுட்டார்னு குறை கேட்டவரோட வரைபடத்தில்தான், இன்னைக்கு உலகத்தில் யார் புதுசா ஒரு புரத அமைப்பைக் கண்டுபிடிச்சாலும் வெச்சு சரிபார்க்கிறாங்க.