ஞாயிறு இரவின் குரல்

பிராட்போர்டில் 1894-இல் பிறந்த ஜே. பி. பிரீஸ்ட்லி, முதல் உலகப் போரில் காயமுற்ற வீரர், புகழ்பெற்ற நாவலாசிரியர். 1940 ஜூன் 5 அன்று, டன்கர்க்கில் படைகளை மீட்ட சிறு உல்லாசக் கப்பல்களைப் பற்றி பி.பி.சி. வானொலியில் பேசினார். பின்னர் ஞாயிறுதோறும் இரவுச் செய்தியை அடுத்து ஒலித்த அவரது யார்க்‌ஷயர் வழக்குக்குப் பல இலட்சம் மக்கள் காத்திருந்தனர்.

போருக்குத் துணிவூட்டியவரை அனைவரும் போற்றினர். போருக்குப்பின் எளியோர்க்கு என்ன கிட்டும் என அவர் வினவியபோது பழைமைவாதக் கட்சியினர் சினந்தனர். 1941-இல் அவ்வுரைகள் நிறுத்தப்பட்டன. காரணம் அமைச்சகம் என்றது வானொலி நிர்வாகம். நிர்வாகமே என்றது அமைச்சகம்.

ஒலிவாங்கியை இழந்தவர் எழுதுகோலை விடவில்லை. ஒருவர் துயருக்கு எல்லோரும் பொறுப்பு என்னும் அவர் கொள்கை, 'ஆன் இன்ஸ்பெக்டர் கால்ஸ்' நாடகமாக 1945-இல் அரங்கேறியது. 1984-இல் அவர் மறைந்தார். அந்நாடகம் இன்றும் நடிக்கப்படுகிறது.