உடைந்த திருகு தந்த வேகம்

தஞ்சை மாவட்டத்தில், மனோராவுக்குப் பக்கத்தில் உள்ள மல்லிப்பட்டினத்துக்குப் போயிருக்கிறீர்களா? அங்கே கரையேற்றி வைத்திருக்கும் விசைப்படகின் பின்பக்க அடியில் குனிந்து பாருங்கள். பூவிதழ் போல விரிந்த உலோக விசிறி ஒன்று இருக்கும். அதுதான் புரொப்பல்லர். தண்ணீரைப் பின்னால் தள்ளி, படகை முன்னால் செலுத்துவது அதுவே. அதற்காகப் பாடுபட்ட ஒரு விவசாயியின் கதை இது.

பிரான்சிஸ் பெட்டிட் ஸ்மித் 1808 பிப்ரவரி 9 அன்று இங்கிலாந்தின் ஹைத் என்ற ஊரில் பிறந்தார். அப்பா அந்த ஊர் போஸ்ட் மாஸ்டர். சிறுவன் ஸ்மித்துக்குப் பொம்மைப் படகு செய்வதென்றால் கொள்ளை ஆசை. வளர்ந்து ஆடு வளர்க்கும் விவசாயியான பிறகும் அந்த ஆசை போகவில்லை.

அப்போது நீராவிக் கப்பல்களுக்கு இரண்டு பக்கமும் பெரிய துடுப்புச் சக்கரங்கள் இருந்தன. அலையில் கப்பல் சாய்ந்தால் ஒரு சக்கரம் தண்ணீரை விட்டு மேலே வந்து வீணாகச் சுற்றும். சக்கரத்துக்குப் பதில் தண்ணீருக்குள்ளேயே சுழலும் திருகாணி இருந்தால்? ஸ்மித் மரத்திருகு பூட்டிய குட்டிப் படகைச் செய்து, பண்ணைக் குளத்தில் ஓட்டிப் பார்த்தார். ஓடியது!

1836 மே 31-இல் காப்புரிமை பெற்றார். நம் ஊரில் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் மேலணை கட்டியதும் அந்தக் காலத்தில்தான். திருகை முயன்றவர் ஸ்மித் மட்டுமல்ல. ஜான் எரிக்சன் என்பவரும் அதே ஆண்டு ஜூலையில் காப்புரிமை பெற்றார்.

ஸ்மித் அடுத்து 6 டன் எடையுள்ள படகு ஒன்றைக் கட்டினார். இரண்டு முழுச் சுற்றுகள் கொண்ட மரத்திருகு அதில் இருந்தது. 1837 பிப்ரவரியில் லண்டன் கால்வாயில் ஓடிக்கொண்டிருந்தபோது திருகு உடைந்து, பாதி போய்விட்டது. எல்லாம் வீண் என்று வேறொருவர் வீட்டுக்குப் போயிருப்பார். ஆனால், படகு முன்பைவிட வேகமாக ஓடியது! திருகு நீளமாக இருந்ததால் தண்ணீரின் உராய்வு அதிகமாகி, வேகத்தைக் குறைத்திருந்தது. ஸ்மித் உடனே ஒரே சுற்றுள்ள திருகைப் பொருத்தினார்.

அந்தச் சின்னப் படகிலேயே கடலுக்குள்ளும் போய் வந்தார். பிறகு 1838-இல் ‘ஆர்க்கிமிடீஸ்’ என்ற பெரிய கப்பல் உருவானது. பொறியாளர் புரூனெல் அதைச் சோதித்துப் பார்த்து, தன் ‘கிரேட் பிரிட்டன்’ கப்பலுக்கும் திருகையே தேர்ந்தெடுத்தார்.

1845 ஏப்ரலில் கடலில் ஒரு கயிறு இழுக்கும் போட்டி! திருகு வைத்த ‘ராட்லர்’, சக்கரம் வைத்த ‘அலெக்டோ’வைப் பின்னோக்கி இழுத்துக்கொண்டு போனது.

ஆனாலும், ஸ்மித்துக்குப் பணம் சேரவில்லை. மறுபடி விவசாயத்துக்கே திரும்பினார். 1860-இல் லண்டன் காப்புரிமை அருங்காட்சியகத்தின் காப்பாளரானார். 1871-இல் ‘சர்’ பட்டம் கிடைத்தது. 1874-இல் காலமானார்.

இன்றும் படகுக்குப் புரொப்பல்லர் வாங்குபவர்கள் இரண்டு அளவுகளைப் பார்க்கிறார்கள். ஒன்று, அதன் அகலம். மற்றது, ஒரு சுற்றுக்குப் படகை எவ்வளவு தூரம் தள்ளும் என்பது. இந்தத் தூரம் அதிகமானால் இன்ஜின் திணறும். குறைந்தால் இன்ஜின் வேகமாகச் சுற்றும், படகு மெதுவாகப் போகும். பாரம் ஏற்றும் படகுக்குக் குறைவாகவும், வேகப் படகுக்கு அதிகமாகவும் வேண்டும். கியர் சைக்கிளில் மேடு ஏற ஒரு கியர், சமதரையில் பறக்க வேறு கியர் போடுவீர்களே, அதேபோலத்தான்!

நண்பர்களே, நீங்கள் செய்த பொருள் உடைந்துவிட்டால் அழாதீர்கள். ஏன் உடைந்தது, உடைந்த பின் என்ன ஆனது என்று கவனியுங்கள். ஸ்மித் கவனித்தார், கப்பல்களே மாறின!