வாழைக்கு வழி காட்டிய ஈக்காரர்

தோட்டத்து வீட்டுப் பின்புறத்தில் நாலு வாழையாவது வைக்காதவர் நம்மில் குறைவு. வாழைக்கு நாம் விதையா போடுகிறோம்? தாய்மரத்தின் பக்கத்தில் கிளம்பும் கன்றைத் தோண்டி நடுகிறோம். கன்று தாயை அப்படியே உரித்து வைத்திருக்கும். குலையும் அதேதான், பலவீனமும் அதேதான். தாயைச் சாய்த்த வாடல் நோய் கன்றையும் சாய்த்துவிடும். பழத்தில் விதை இல்லாததால், இரண்டு சாதியைக் கலந்து புதுச் சாதி உண்டாக்குவதும் லேசான காரியமில்லை.

இந்த முடிச்சை அவிழ்க்க வழி காட்டியவர் வாழை பயிரிட்டவர் அல்லர், ஈ வளர்த்தவர்! ஹெர்மன் ஜோசப் முல்லர் என்ற அந்த அமெரிக்கரின் கதையை இன்று பார்ப்போம்.

முல்லர் 1890-இல் நியூயார்க்கில் பிறந்தார். ஒன்பது வயதில் தகப்பனை இழந்தார். உதவிச் சம்பளத்தில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்தார். விடுமுறையிலும் ஓய்வில்லை. 1911-இல் ஒரு ஹோட்டலில் நாளைக்கு 14 மணி நேரம் கணக்கு எழுதினார். மாதச் சம்பளம் 25 டாலர்தான்.

அந்தப் பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஹன்ட் மார்கன் என்ற பேராசிரியரின் கூடத்தில் பால் பாட்டில்களில் பழ ஈக்களை வளர்த்தார்கள். ஈக்களுக்குத் தீனி என்ன தெரியுமா? வாழைப்பழம்! பெற்றோரின் குணத்தைப் பிள்ளைக்குக் கொண்டுபோகும் மரபணுவைப் பற்றி அங்கேதான் முல்லர் கற்றுக்கொண்டார்.

மரபணு தானாக மாறுவது எப்போதோ ஒரு தடவைதான். அதுவரை காத்திருக்க முல்லருக்குப் பொறுமையில்லை. டெக்சாஸில் வேலை பார்த்தபோது ஈக்கள் மேல் எக்ஸ்ரே கதிரைப் பாய்ச்சினார். அவற்றின் சந்ததியில் புதுப்புது மாறுதல்கள் தோன்றின. வழக்கத்தைவிடச் சுமார் 150 மடங்கு! 1927-இல் இதை உலகுக்கு அறிவித்தார். அடுத்த ஆண்டே லூயிஸ் ஸ்டாட்லர் என்ற இன்னொரு அமெரிக்கர், பயிரிலும் இது நடக்கும் என்று பார்லியில் காட்டினார்.

முல்லரின் வாழ்க்கை மட்டும் நிம்மதியாக ஓடவில்லை. 1932-இல் பெர்லினுக்குப் போனார். மறு வருடம் ஹிட்லர் ஆட்சி வந்தது. சோவியத் நாட்டுக்குப் போனார். மரபணுவே பொய் என்ற லைசென்கோ கூட்டத்தை எதிர்த்து நின்றார். 1937-இல் அங்கிருந்தும் கிளம்ப வேண்டியதாயிற்று.

1945-இல் ஜப்பானில் அணுகுண்டு விழுந்தது. மறு ஆண்டு முல்லருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பரிசை வாங்கிக்கொண்டு அவர் சும்மா இருந்துவிடவில்லை. கதிரால் வரும் மாறுதல்களில் பெரும்பாலானவை கெடுதலே என்பது அவருக்குத் தெரியும். ஈயிலும் பயிரிலும் கெட்டதை ஒதுக்கிவிட்டு நல்லதை வைத்துக்கொள்ளலாம்; மனுசப் பிள்ளையை அப்படி ஒதுக்க முடியுமா? அதனால் எக்ஸ்ரேயை அளவோடு பயன்படுத்துங்கள், நோயாளியின் உடலை மறைத்துப் பாதுகாத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர்களை விடாமல் எச்சரித்தார். 1955-இல் ஜெனீவாவில் நடந்த அணுசக்தி மாநாட்டில் அவர் கட்டுரையைப் படிக்க விடவில்லை. அப்படியும் அவர் வாய் மூடவில்லை. 1967-இல் காலமானார்.

அவர் காட்டிய வழி பின்னால் வாழைக்கும் வந்தது. ஆஸ்திரியாவில், கண்ணாடிக் குப்பியில் வளர்த்த வாழைக் குருத்துகள் மேல் காமா கதிரைப் பாய்ச்சினார்கள். நல்லதாகத் தேறிய ஒன்றை நம் மலேசிய மண்ணில் நட்டுப் பார்த்தார்கள். 1990-களில் நோவாரியா என்ற பெயரில் அது வெளிவந்தது. தாய்ச் சாதியைவிடச் சீக்கிரம் குலை தள்ளும் வாழை அது. கதிர் வந்த வேகத்தில் போய்விடும், பழத்தில் தங்காது. பயமில்லாமல் சாப்பிடலாம்.

ஆனால் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும்போது முல்லரை மறக்க வேண்டாம். கர்ப்பிணிப் பெண்கள் கூச்சப்படாமல் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பிள்ளைகள் வேடிக்கை பார்க்க அந்த அறைக்குள் நுழையக் கூடாது. அந்தக் கதிரின் பலத்தைக் கண்டு சொன்னவரே, அதனிடம் ஜாக்கிரதையாக இருங்கள் என்றும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.