காயலான் கடைக்காரர் என்று ஊர் சிரித்தது... பாலைவனத்தில் ஒரு பொக்கிஷத்தைச் சேர்த்த இகோர் சவிட்ஸ்கி யார்?

உஸ்பெகிஸ்தானின் மேற்குக் கோடியில் நுகுஸ் என்று ஓர் ஊர். தலைநகர் தாஷ்கென்ட்டில் இருந்து 800 கிலோமீட்டருக்கும் மேல். சுற்றிலும் பாலைவனம். சோவியத் காலத்தில் ராணுவத்தின் ரசாயன ஆய்வுக்கூடம் இங்கே இருந்ததால் வெளிநாட்டவர் உள்ளே வரவே முடியாது. இப்போது அதே ஊருக்கு உலகின் பல மூலைகளில் இருந்தும் கலை ஆர்வலர்கள் வருகிறார்கள். காரணம், அங்கே இருக்கும் ஓர் அருங்காட்சியகம். அதை உருவாக்கியவர் இகோர் சவிட்ஸ்கி.

சோவியத் அரசு ஒதுக்கித் தள்ளிய ஓவியங்களைக் காப்பாற்றியவர் என்றுதான் உலகம் இவரைக் கொண்டாடுகிறது. ஆனால், அவர் முதலில் தேடிப் போனது ஓவியங்களை அல்ல. கிழிந்த கம்பளம், பழைய மரக்கதவு, பாட்டிமார் பெட்டியில் கிடந்த வெள்ளி நகை... இவற்றைத்தான். அந்தக் கதை கொஞ்சம் பேருக்குத்தான் தெரியும்.

எலக்ட்ரீஷியன் ஆன பணக்கார வீட்டுப் பையன்

சவிட்ஸ்கி 1915 ஆகஸ்ட் 4 அன்று கீவ் நகரில் பிறந்தார். வசதியான, படித்த குடும்பம். தாத்தா டிமோஃபே ஃப்ளோரின்ஸ்கி ஸ்லாவிய மொழிகளில் பெயர் பெற்ற பேராசிரியர். 1917 புரட்சி எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது. 1919-ல் தாத்தாவை போல்ஷெவிக்குகள் சுட்டுக் கொன்றார்கள். சவிட்ஸ்கிக்கு அப்போது வயது நான்கு கூட நிரம்பவில்லை.

பின்னர் மாஸ்கோவில் வளர்ந்தார். பணக்காரக் குடும்பத்தில் பிறந்ததே குற்றமாகப் பார்க்கப்பட்ட காலம் அது. தொழிலாளி என்ற அடையாளம் இருந்தால்தான் பிழைக்க முடியும். அதனால் எலக்ட்ரீஷியன் வேலை கற்றுக்கொண்டார். மனசு மட்டும் ஓவியத்திலேயே இருந்தது. ஒருவழியாக மாஸ்கோவின் சூரிகோவ் ஓவியக் கல்லூரியில் இடம் கிடைத்தது. இரண்டாம் உலகப் போர் நேரத்தில் அந்தக் கல்லூரி சமர்கண்டுக்கு மாற்றப்பட்டது. மாணவர் சவிட்ஸ்கியும் போனார். மத்திய ஆசியாவின் வெயில், மண், நிறங்கள் எல்லாம் அவருக்கு அறிமுகமானது அங்கேதான். ராபர்ட் ஃபால்க் போன்ற பெரிய ஓவியர்களோடு பழக்கம் ஏற்பட்டதும் அங்கேதான்.

வேலைக்கு வந்தவர் ஏன் திரும்பிப் போகவில்லை?

1950-ல் ஒரு வாய்ப்பு வந்தது. செர்கேய் டோல்ஸ்டோவ் என்ற தொல்லியல் அறிஞர், பழைய கொரேசம் நாகரிகத்தின் கோட்டைகளைப் பாலைவன மணலில் தோண்டிக்கொண்டிருந்தார். அந்தக் குழுவுக்கு ஓவியர் தேவைப்பட்டார். தோண்டி எடுக்கும் பொருட்களை அளவு பிசகாமல் வரைந்து பதிவு செய்வதுதான் வேலை. சவிட்ஸ்கி சேர்ந்தார்.

பகலில் குழுவுக்காக வரைவார். மீதி நேரத்தில் தனக்காகப் பாலைவனத்தை வரைவார். கோட்டைகள் 2,000 வருடப் பழமையானவை. ஆனால், அவற்றைச் சுற்றி வாழ்ந்த மக்களின் வீடுகள்தான் அவரை அதிகம் இழுத்தன.

யார் இந்தக் கராகல்பாக் மக்கள்?

கராகல்பாக் என்றால் கறுப்புத் தொப்பி என்று அர்த்தம். துருக்கிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த மொழி பேசுபவர்கள். அமு தரியா ஆறு ஏரல் கடலில் கலக்கும் கழிமுகப் பகுதிதான் இவர்கள் ஊர். மீன்பிடிப்பு, விவசாயம், கால்நடை மூன்றும் கலந்த வாழ்க்கை. பாதி நாள் ஓரிடம், பாதி நாள் இன்னோரிடம்.

இடம் மாறும் மக்களுக்கு வீடும் மடக்கி எடுத்துப் போகும்படி இருக்க வேண்டும். அதுதான் யுர்ட் என்ற கூடார வீடு. கராகல்பாக் மக்கள் இதை கரா உய், அதாவது கறுப்பு வீடு, என்பார்கள். மடக்கி விரிக்கும் மரப்பின்னல்தான் சுவர். மேலே வளைந்த கம்புகள், உச்சியில் ஒரு மர வளையம், வெளியே நாணல் பாயும் கம்பளிப் போர்வையும்.

இந்தச் சட்டகத்தை இறுக்கிப் பிடிப்பவை நெய்த பட்டைகள். அவற்றில் அகலமானது ஆக் பாஸ்குர். சுவரும் கூரையும் சேரும் இடத்தைச் சுற்றி ஓடும் வெள்ளைப் பட்டை. அதன் மேல் கம்பள முடிச்சுகளால் எழும்பி நிற்கும் வடிவங்கள். பார்க்க அலங்காரம், உண்மையில் வீட்டைத் தாங்குவதில் அதற்கும் பங்கு உண்டு. வாசலில் செதுக்கிய மரக்கதவு. துணி வைக்கும் பையின் முகப்பில் ஆட்டுக்கொம்பு போன்ற சுருள் வடிவம். அவர்கள் வீட்டில் கலை என்று தனியாக ஒன்று இல்லை. புழங்கும் பொருள் ஒவ்வொன்றிலும் கைவேலை இருந்தது.

இதில் பெரும்பகுதி பெண்களின் உழைப்பு. குறுகலான தறியில் நெய்வது, கம்பளி அழுத்துவது, எம்பிராய்டரி போடுவது எல்லாம் அவர்கள்தான். ஒரு பெண் தன் கல்யாணச் சீரைச் சின்ன வயதில் இருந்தே தானே நெய்து சேர்ப்பாள். அவுரி நீலத்தில் சாயம் ஏற்றிய பருத்தித் துணியில் கிராஸ் ஸ்டிட்ச் போட்ட உடை ஒன்று உண்டு. பெயர் கோக் கொய்லெக், நீலச் சட்டை. கல்யாணமான பெண்கள் தலையையும் மார்பையும் மூடி அணியும் கிமெஷெக், இளம் பெண்களுக்குச் சிவப்பு, வயதானவர்களுக்கு வெள்ளை. எதிரே வருபவர் யார், எந்தப் பருவத்தில் இருக்கிறார் என்று உடையே சொல்லிவிடும். நகை செய்வது ஆண்களின் வேலை. வெள்ளியில் செந்நிறக் கார்னீலியன் கற்கள் பதித்த பெரிய மார்பு அணிகள் செய்தார்கள்.

அப்படியென்றால் ஏன் அழியத் தொடங்கியது?

யாரோ ஒருநாள் வந்து தீ வைக்கவில்லை. பல காரணங்கள் ஒன்றாகச் சேர்ந்தன. கூட்டுப்பண்ணைகள் வந்ததும் இடம் மாறும் வாழ்க்கை முடிந்தது. கல் வீட்டுக்குக் கூடாரப் பட்டை எதற்கு? தனியாகத் தொழில் செய்த பொற்கொல்லர்களுக்கு அரசின் நெருக்கடி. கடையில் மில் துணி மலிவாகக் கிடைத்தது. பழைய உடை பின்தங்கிய வாழ்க்கையின் சின்னம் என்று பிரசாரம் நடந்தது. நீலச் சட்டையும் சவுகெலே என்ற கல்யாணக் கிரீடமும் அதற்கும் வெகுகாலம் முன்பே வழக்கொழிந்து போயிருந்தன.

ஒரு பொருள் புழக்கத்தில் இருக்கும்வரை அதைப் பாதுகாக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றாது. புழக்கம் நின்ற பிறகு அது குப்பை. அது மறுபடி அரும்பொருள் ஆக நூறு வருடமாவது ஆகும். நடுவில் உள்ள காலத்தில்தான் பெரும்பாலானவை காணாமல் போகும். கரப்பான் அரிக்கும், கதவு அடுப்புக்குப் போகும், வெள்ளியை உருக்கிவிடுவார்கள். சவிட்ஸ்கி அங்கே போய்ச் சேர்ந்தது சரியாக அந்த நேரத்தில்.

பிரஷை வைத்துவிட்டு மூட்டை தூக்கியவர்

1950களின் பிற்பகுதியில் மாஸ்கோ வாழ்க்கையை விட்டுவிட்டு நுகுஸுக்கே குடிவந்தார். அங்கிருந்த அறிவியல் அகாடமி கிளையில் வேலை. கிராமம் கிராமமாக அலைந்தார். மூலையில் சுருட்டி வைத்த பட்டைகள், பெட்டி அடியில் கிடந்த கிமெஷெக், கழற்றிப் போட்ட கதவு என்று எது கிடைத்தாலும் கேட்டு வாங்கினார். பழைய துணிக்காகத் தூசியில் அலையும் ரஷ்யரைப் பார்த்து உள்ளூர்க்காரர்களுக்குச் சிரிப்பு. நம்ம ஊர் பாஷையில் சொன்னால், காயலான் கடைக்காரர்.

இதற்கு அவர் கொடுத்த முதல் விலை, அவருடைய சொந்த ஓவியம். தான் மதித்த ஃபால்க்கிடம் தன் பாலைவன ஓவியங்களைக் காட்டியதாகவும், அவர் அவற்றைப் பெரிதாக மதிக்கவில்லை என்றும் சவிட்ஸ்கியின் வாழ்க்கையைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள். அந்த அடி மட்டுமே காரணமா, சேகரிப்பு வேலை அவரை விழுங்கிவிட்டதா என்பதைப் பிரித்துச் சொல்வது கஷ்டம். எப்படியோ, வரைவது குறைந்தது. மற்றவர்களின் கைவேலையைக் காப்பதே முழுநேர வாழ்க்கை ஆனது.

1966: அருங்காட்சியகம் பிறந்தது

சேர்ந்த பொருட்களை வைக்க இடம் வேண்டும் என்று அதிகாரிகளை விடாமல் கேட்டார். 1966-ல் கராகல்பாக்ஸ்தான் அரசுக் கலை அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அதன் முதல் இயக்குநர் அவரே.

கிராமத்து மக்கள் தங்கள் பாட்டி நெய்த பட்டையைக் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்தார்கள். உள்ளூர் இளைஞர்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. வரையவும் செதுக்கவும் ஊக்கம் கொடுத்தார். மரச் சிற்பத்தில் பெயர் பெற்ற ஜோல்தாஸ்பெக் குத்திமுராதவ் அப்படி அவரிடம் இருந்து ஊக்கம் பெற்றவர்களில் ஒருவர்.

ஓவியங்கள் எப்படி வந்தன?

குப்பை என்று ஒதுக்கியதில் கலையைப் பார்க்கப் பழகிய கண், அடுத்து இன்னொரு குவியலைப் பார்த்தது. ஸ்டாலின் காலத்தில் சோஷலிச யதார்த்தவாதம் மட்டுமே கலை என்று அரசு சொன்னது. வேறு மாதிரி வரைந்த பலர் ஒதுக்கப்பட்டார்கள். சிலர் சிறைக்கே போனார்கள். அவர்களின் ஓவியங்கள் பரணிலும் கட்டிலுக்கு அடியிலும் கிடந்தன.

சவிட்ஸ்கி முதலில் மத்திய ஆசியாவை வரைந்தவர்களைத் தேடினார். அலெக்சாண்டர் வோல்கோவ், உரால் தான்சிக்பாயெவ், உஸ்தோ மூமின் போன்றவர்கள். பிறகு மாஸ்கோவில் கலைஞர்களின் மனைவிகள், வாரிசுகள் வீட்டுக் கதவைத் தட்டினார். கையில் பணம் இருக்காது. அருங்காட்சியகம் பிறகு தரும் என்று சீட்டு எழுதிக் கொடுத்து வாங்கி வருவார்.

மாஸ்கோவில் காட்ட முடியாததை நுகுஸில் மட்டும் எப்படிக் காட்ட முடிந்தது? தூரம்தான் பாதுகாப்பு. அத்தனை தொலைவில் என்ன தொங்குகிறது என்று யாரும் அடிக்கடி பார்க்க வருவதில்லை. உள்ளூர் கட்சித் தலைமையில் சிலரின் ஆதரவும் இருந்தது. வந்து பார்த்த அதிகாரிகள், லிசென்கோ வரைந்த எருது ஓவியத்தைக் கழற்றச் சொன்னார்களாம். கழற்றினார். அவர்கள் போனதும் மறுபடி மாட்டினார். சோவியத் சிறை முகாமில் இருந்த நடேஷ்டா போரோவாயாவின் முகாம் ஓவியங்களை வாங்க, அவை நாஜி முகாம்களைக் காட்டுபவை என்று சொல்லி அனுமதி வாங்கியதாகவும் ஒரு கதை உண்டு.

கடைசி விலை

அகழாய்வில் கிடைத்த உலோகப் பொருட்களை ஃபார்மலினில் போட்டுத் தன் கையாலேயே சுத்தம் செய்வார். சரியான பாதுகாப்பு இல்லை. அந்த ஆவி அவர் நுரையீரலைப் பாழாக்கியது. 1984 ஜூலை 27 அன்று மாஸ்கோவில் இறந்தார். 69 வயது ஆக இன்னும் சில நாட்களே இருந்தன. வாங்கிய ஓவியங்களுக்கான கடன் பாக்கி இருந்தது. உடலை நுகுஸுக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள்.

இன்று அருங்காட்சியகத்துக்கு அவர் பெயர். அங்கே 80,000க்கும் அதிகமான பொருட்கள் இருக்கின்றன. 2003-ல் புதிய கட்டடமும் கிடைத்தது. வெளிநாட்டுச் செய்திகளில் பெரும்பாலும் ஓவியங்களே தலைப்பு. கம்பளமும் கதவும் உள்ளே ஒரு வரியில் முடிந்துவிடும்.

ஆனால், கராகல்பாக் மக்களுக்கு அந்த ஒரு வரிதான் முக்கியம். சவிட்ஸ்கி பட்டைகளைச் சேகரித்த அதே காலத்தில், பருத்தி வயல்களுக்காக அமு தரியாவின் தண்ணீர் திருப்பப்பட்டது. 1960களில் இருந்து ஏரல் கடல் வற்றத் தொடங்கியது. மீன்பிடித் துறைமுகமாக இருந்த முய்னாக்கில் இப்போது கப்பல்கள் மணலில் துருப்பிடித்து நிற்கின்றன. இந்தக் கலைகளை வளர்த்த வாழ்க்கை இனி திரும்ப வராது.

ஆனால், நீலச் சட்டையில் தையல் எப்படிப் போனது, பட்டையில் முடிச்சு எப்படி விழுந்தது என்று ஒரு கராகல்பாக் பெண் இன்று கற்றுக்கொள்ள நினைத்தால், பார்த்துக் கற்க ஓர் இடம் அவள் ஊரிலேயே இருக்கிறது.