ஐந்து பக்கக் கட்டுரை, அறுபது ஆண்டு ஆயுள்: யார் இந்த ஜி.என்.ராமச்சந்திரன்?

பல்லடம் ரோட்டில் பைக் சறுக்கி ஒருத்தர் விழுந்துட்டார்னு வைங்க. ஆஸ்பத்திரியில் முதலில் கேட்பது, தலைக்கு சி.டி. எடுத்தாச்சா என்றுதான். பல கோணங்களில் எடுத்த எக்ஸ்ரே அளவுகளைச் சேர்த்து, மூளையின் குறுக்குவெட்டுப் படமாக மாற்றித் தருவது மெஷினுக்குள் இருக்கும் ஒரு கணக்கு. அந்தக் கணக்கை எளிமையாக்கியவர்களில் ஒருவர் மூளை மருத்துவரே அல்ல, ஓர் இயற்பியல் பேராசிரியர்.

கோபாலசமுத்திரம் நாராயணன் ராமச்சந்திரன் 1922 அக்டோபர் 8-ல் எர்ணாகுளத்தில் பிறந்தார். அப்பா கணிதப் பேராசிரியர். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் படித்துவிட்டு, 1942-ல் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் எலெக்ட்ரிக்கல் இன்ஜினியரிங் சேர்ந்தார். அங்கிருந்து சி.வி.ராமனிடம், இயற்பியலுக்கு. பிறகு கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம். 1952-ல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைவராக வந்தார்.

நூல் முறுக்கும் புரதமும்

அந்தச் சமயம் சென்னை வந்த பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜே.டி.பெர்னாலுடன் பேசும்போது கொலாஜன் பற்றிய பேச்சு வந்தது. தோல், எலும்பு, தசைநார் எல்லாவற்றையும் தாங்கும் புரதம் இது. அதன் வடிவம் அப்போது யாருக்கும் தெரியாது. பக்கத்திலேயே மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருந்தது வசதியாப் போச்சு. கங்காரு வால் தசைநாரில் நல்ல எக்ஸ்ரே படம் கிடைத்தது. கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து 1954-லும் 1955-லும் நேச்சர் இதழில் எழுதினார்: கொலாஜன் மூன்று இழை முறுக்கு.

திருப்பூர்க்காரர்களுக்கு இதைப் புரியவைக்கப் படமே தேவையில்லை. டபுளிங் மில்லில் ஒற்றை நூல் ஒரு பக்கமாக முறுக்கியிருக்கும். அவற்றைச் சேர்க்கும்போது எதிர்ப்பக்கம் முறுக்குவார்கள். அப்போதுதான் சுருண்டுக்காமல், பிரியாமல் நிற்கும். கொலாஜனும் அதேதான். தனி இழை இடப்பக்கம் சுற்றும், மூன்றும் சேர்ந்து வலப்பக்கம் முறுக்கிக்கொள்ளும்.

ஆனால் பிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும் விடவில்லை. சென்னை மாதிரியில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கி நிற்கின்றன என்றார்கள். இழைகளுக்கு இடையிலான ஹைட்ரஜன் பிணைப்புகளின் எண்ணிக்கையில் பின்னாளில் அவர்கள் சொன்னதே சரியென்று ஆனது. முறுக்கு ராமச்சந்திரனுடையதுதான். இந்த விமர்சனம் அவரைச் சுட்டிருக்க வேண்டும், ஏனென்றால் அவர் செய்தது சும்மா ஒரு மறுப்பு அல்ல. அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்று, அதுவரை வெளியான படிக வடிவங்களை எல்லாம் அலசத் தொடங்கினார்.

நம் முழங்கை பின்பக்கம் மடங்காது இல்லையா? புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் அப்படித்தான், இரண்டு கோணங்களில் மட்டும் திரும்பும். அதிலும் சில திருப்பங்களில் அணுக்கள் இடித்துக்கொள்ளும். எது முடியும், எது முடியாது என்பதை மேசைக் கணக்கு இயந்திரத்தில் போட்டுப் பார்த்து, ஒரே கட்டத்துக்குள் வரைந்தார்கள். சி.ராமகிருஷ்ணன், வி.சசிசேகரன் இருவருடன் 1963-ல் மூலக்கூறு உயிரியல் இதழில் வந்த அந்தக் கட்டுரை ஐந்தே பக்கம். அதுதான் ராமச்சந்திரன் வரைபடம்.

சைட்டேஷன் எண்ணத் தவறுவது எதை?

ஓர் ஆய்வைப் பிறர் தங்கள் கட்டுரையில் எத்தனை முறை சுட்டுகிறார்கள் என்பதே சைட்டேஷன். யூஜின் கார்ஃபீல்டு அதற்கான அட்டவணையை வெளியிடத் தொடங்கியது 1964-ல், வரைபடம் வந்த மறு வருஷம். ராமச்சந்திரன் விஷயத்தில் இந்த எண்ணிக்கை பாதிக்கதைதான் சொல்லும். இன்றும் ஒரு புரத வடிவத்தைச் சர்வதேசத் தரவு வங்கியில் சேர்த்தால், ராமச்சந்திரன் சோதனையும் ஓடும். பெயரைச் சொல்வார்கள், மூலக் கட்டுரையைச் சுட்டாமலே போய்விடுவார்கள். அவ்வளவு பழகிப்போச்சு.

சி.டி. கணக்கின் கதை இன்னும் சிக்கல். அது 1971-ல், ஏ.வி.லட்சுமிநாராயணனுடன் எழுதியது. ஃபூரியே மாற்றம் என்ற கனமான கணக்கைத் தவிர்த்து, நேரடியாகப் படத்தைத் திரட்டும் வழி. இதை ஒத்த முறையை 1967-லேயே வானொலி வானியலில் பிரேஸ்வெல்லும் ரிடிலும் எழுதியிருந்தார்கள். அதே 1971 அக்டோபரில்தான் லண்டனில் ஹவுன்ஸ்ஃபீல்டின் கருவி முதல் நோயாளியின் தலையைப் படமெடுத்தது, வேறொரு கணக்கைக் கொண்டு. பிறகு வந்த மெஷின்கள் பல ஆண்டுகள் ராமச்சந்திரன் வகைக் கணக்கையே நம்பின. 1979 நோபல் ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும் கோர்மாக்குக்கும். கோர்மாக் 1963, 64-ல் எழுதிய கட்டுரைகளை அப்போது ஏறக்குறைய யாருமே கண்டுக்கலை என்பதையும் சொல்லணும்.

1970-களில் பெங்களூருவில் மூலக்கூறு உயிர் இயற்பியல் பிரிவை நிறுவி நடத்தினார். 1977-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார். நோபல் வரவில்லை. மனைவி ராஜலட்சுமி 1998-ல் காலமானார். படிகவியலின் எவால்டு பரிசு 1999-ல் கிடைத்தபோது ராமச்சந்திரன் நோயாளியாக இருந்தார். 2001 ஏப்ரல் 7-ல் சென்னையில் இறந்தார்.